இடுப்பு இருபத்தெட்டு

என் அண்ணியைத் தேடி இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, பழுதான தையல் மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் மூச்சு வாங்குபவர்கள். இன்னொரு வகை, சட்டைப் பையில் எதையோ காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று தெருவிலேயே நடைபோடுபவர்கள். முதல் வகைக்கு அண்ணி தலையைக்கூடத் தூக்க மாட்டாள். "அங்க வைங்க, நாளன்னைக்கு வாங்க" என்பதோடு சரி. இரண்டாம் வகை வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஸ்டூலில் இருக்கும் என்னை எழுப்பிவிட்டு அவர்களை உட்காரவைப்பாள். சொந்த நாத்தனாருக்கு இந்த வீட்டில் மரியாதை அவ்வளவுதான்.

காகிதத்துக்குள் இருப்பது தகடு. பட்டாளத்தில் சேர்கிற ஒவ்வொருவருக்கும் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட ஒரே மாதிரி இரண்டு தகடுகள் கொடுப்பார்கள். பெயர், எண், ரத்த வகை எல்லாம் அதில் அடித்திருக்கும். ஆள் விழுந்துவிட்டால் ஒன்று உடம்போடு இருக்கும், இன்னொன்றைக் கழற்றிப் பட்டாள ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்புவார்கள். ஏற்பாடு அதுதான். சண்டை நடக்கிற இடத்தில் எது ஏற்பாட்டின்படி நடந்தது? சண்டை ஓய்ந்து இருபது வருடமாகிறது. எல்லைப் பக்கம் வாய்க்கால் வெட்டுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் கையில் இன்னும் தகடு அகப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆபீசில் கொடுத்தால் அது ஒரு டிராயரிலிருந்து இன்னொரு டிராயருக்குப் போகும். அண்ணியிடம் கொடுத்தால் வீட்டுக்குப் போய்ச் சேரும். இது அங்கே மண் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அண்ணியிடம் பெரிய கருவி ஒன்றும் கிடையாது. மெஷின் இடுக்கில் பஞ்சு எடுக்கிற பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி, தையல்காரர்கள் துணியில் கோடு போடுகிற வெள்ளைச் சாக்கட்டி. தேய்ந்த தகட்டின் மேல் சாக்கட்டியை உரசி வாயால் மெல்ல ஊதினால், எழுத்தின் பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கும். அவள் ஒவ்வொரு எண்ணாகப் படிப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள் நான். எண் எழுதுவதில் தப்பு வராது. அதனால்தான் என்னை இந்த வேலையில் சேர்த்துக்கொண்டாளே தவிர, என் மேல் பிரியத்தினால் அல்ல. என்னைக் கூப்பிடுவதே "ஏ டிக்கெட்டு" என்றுதான்.

ஆரம்பத்தில் தகட்டைக் கழுவித்தான் கொடுத்தாள். ஒரு வீட்டில் ஒரு அம்மா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒட்டியிருந்த மண்ணு எங்க?" என்று கேட்டாள்.

"கழுவிட்டேம்மா. மெஷின் எண்ணெய் போட்டுத் துடைச்சிருக்கேன்" என்று அண்ணி பெருமையாகச் சொன்னாள்.

"என் பிள்ளை படுத்திருந்த மண்ணும்மா அது! அதைச் சாக்கடையில ஊத்திட்டு இந்தத் தகரத்தைக் கொண்டாந்து நீட்டுறியே!"

அன்றிலிருந்து பிரஷால் உதிர்க்கிற மண்ணை ஒரு பொட்டுகூட விடாமல் பொட்டலம் கட்டி, தகட்டோடு சேர்த்துக் கொடுப்பாள். சில பொட்டலத்தில் கால் ஸ்பூன் மண்கூட இருக்காது. அதற்கும் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பாள்.

வீட்டைக் கண்டுபிடிப்பது தையல்காரர்களை வைத்து. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிப்போட்டால் ஊர் பெயர் வரும். அந்த ஊரில் அவர்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருப்பார்கள். ஆனால் மெஷின் ரிப்பேர்காரிக்கு எந்த ஊரிலும் நாலு தையல்காரர்களைத் தெரியும். போலீசுக்குத் தெரியாததெல்லாம் தையல்காரனுக்குத் தெரியும். பழைய அளவு நோட்டை அவர்கள் தூக்கிப்போடுவதும் இல்லை. "இந்தப் பேரா? இருங்க... தோள் பதினேழரை, இடது தோள் கொஞ்சம் இறக்கம். அவங்கம்மா இப்போ பெரிய பொண்ணு வீட்டுல இருக்காங்க, தண்ணி டேங்குக்குப் பின்னாடி." செத்துப்போனவனின் இடது தோள் இறக்கம் என்பது அந்த நோட்டைத் தவிர வேறு எங்கும் எழுதியிருக்காது. அண்ணி அதையும் குறித்துக்கொண்டு போய் வீட்டில் சொல்வாள். தகட்டைப் பார்த்து அழாதவர்கள்கூட இதைக் கேட்டு அழுதுவிடுவார்கள்.

இப்படி அறுபத்து மூன்று வீடுகள். அத்தனை பேருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவள், முதல் முதலாகத் தன் கைக்கு வந்த தகட்டை மட்டும் கொடுக்கவில்லை. பதினோரு வருடமாக அது அவள் மேஜை டிராயரில், பாபின் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. வீடு தெரியாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள்.

என் அண்ணன் அந்தச் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தவன். வந்தான் என்றுதான் சொல்கிறேன், முழுசாக வந்தானா என்று அண்ணியைத்தான் கேட்க வேண்டும். ஒன்பது வருடம் இதே வீட்டில் இருந்தான். வேலைக்குப் போனான், பேப்பர் படித்தான், குழாய் ஒழுகினால் சரிசெய்தான். நானும் அண்ணியும் சண்டை போட்டுக்கொண்டு, அது எப்படியோ சிரிப்பில் முடிந்தால், "ஒல்லி இருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்" என்பான். யார் அந்த ஒல்லி என்று கேட்டால் எழுந்துபோய்ப் பல் தேய்ப்பான். பட்டப்பகலில் பல் தேய்ப்பான். வாயில் நுரையோடு நிற்கிறவனிடம் என்ன கேட்பது? கொஞ்ச நாளில் அண்ணி கேட்பதை விட்டுவிட்டாள். கேட்பதை விட்டாளே தவிர, அவன் திரும்பி உட்கார்ந்திருக்கும்போது அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் இருக்கிற ஆளுக்காக ஒருத்தி ஏங்க முடியும் என்பதை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

ஒரு நாள் காலை ஷூ நாடா கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பது வயது. சாமான்களை எடுத்து வைக்கும்போது ஷேவிங் பெட்டியின் அடியில் சங்கிலி கிடைத்தது. அதில் இரண்டு தகடுகள். ஒன்று அவனுடையது. இன்னொன்றில் வேறு ஒருத்தன் பெயர், வேறு எண்.

ரெக்கார்ட் ஆபீஸ் கவுண்டரில் ஒரு கை இல்லாத மனிதர் இருந்தார். அவர்தான் விளக்கினார். "சிநேகிதங்க சில பேரு ஆளுக்கு ஒண்ணு மாத்திப் போட்டுக்குவாங்கம்மா. சட்டப்படி தப்புதான். ஊர் திரும்பறவன் மத்தவனோட தகட்டை அவன் வீட்டுல நேர்ல குடுக்கணும், அதுதான் பேச்சு. வீட்டு ஆளுங்க ஆபீஸ் லெட்டர்ல தெரிஞ்சுக்கக் கூடாதுங்கறதுக்காக." பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இவரு காணவில்லைன்னு இருக்காரு. செத்தாருன்னு இல்ல, இருக்காருன்னும் இல்ல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி பொரிந்து தள்ளினாள். "நாலு மணி நேரம் பஸ்ஸுல போனா அந்த ஊரு. ஒன்பது வருஷமா அங்க ஒருத்தி வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கா. இவரு இங்க உக்காந்து பல்லு தேய்ச்சிருக்காரு! கோழை. உங்கண்ணன் ஒரு கோழை, தெரிஞ்சுக்கோ." செத்து ஒரு மாதம்கூட ஆகாத அண்ணனைத் தங்கையிடமே திட்டினாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே தகட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பழக்க தோஷத்தில் ரிப்பேர் பையையும் தோளில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையெல்லாம் எண்ணெய்.

"குடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"பாபின் பெட்டி தேய்ஞ்சு போச்சு. அதான் நூலு அறுந்துக்கிட்டே இருந்திருக்கு."

"அண்ணி, நான் தகட்டைக் கேட்டேன்."

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள். நடந்தது இதுதான். கதவைத் திறந்தவள் இவள் தோளில் இருந்த பையைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, கம்பெனியில இருந்து வந்துட்டீங்களா? நாலு நாளா ஓட மாட்டேங்குது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறாள். அவளும் தையல்காரி. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். இல்லைம்மா, நான் வேறு விஷயமாக வந்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணி மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஊசிக்கடியில் பாதி தைத்த ஆண்பிள்ளைச் சட்டை. பக்கத்தில் அளவு நோட்டு.

யாருக்கு என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்னாளாம். "வீட்டுக்காரருக்கு. சண்டைக்குப் போனவர் இன்னும் வரல. வருஷா வருஷம் அவர் பொறந்த நாளைக்கு ஒண்ணு தைச்சு வச்சிடுவேன். வந்ததும் போட்டுக்கத் துணி வேணுமில்ல? போன வருஷம் வரைக்கும் பழைய அளவுதான், இடுப்பு இருபத்தெட்டு. இந்த வருஷம் அரை இஞ்சு கூட்டியிருக்கேன். முப்பத்தஞ்சு வயசு ஆகுது, இன்னுமா ஒல்லியாவே இருப்பாரு?"

"அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நாக்கு எழும்பல" என்றாள் அண்ணி. "மெஷினைச் சரிபண்ணேன். டீ குடுத்தா, குடிச்சேன். வந்துட்டேன்."

"என் அண்ணனைக் கோழைன்னு சொன்னீங்களே" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் அப்படி.

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தான்டி உங்கண்ணன் எனக்குப் புரியறாரு" என்றாள்.

அதற்குப் பிறகு சாக்குப்போக்குதான். தகட்டை மாற்றிக்கொண்டது சாவுக்கு அத்தாட்சியா? காணவில்லை என்றால் காணவில்லைதானே? ஒருவேளை எங்காவது இருந்து, நாளைக்கே வந்து நின்றால்? எனக்கே காது குத்தினாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மெஷினுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று கிளம்புவாள். நன்றாக ஓடுகிற மெஷினுக்கு எத்தனை எண்ணெய்தான் போடுவது? திரும்பி வந்து, "இந்த வருஷம் முப்பது ஆக்கிட்டா", "இந்த வருஷம் முப்பத்தொண்ணு" என்று சொல்வாள். பார்த்தே இராத அந்த ஆள், வருடத்துக்கு அரை இஞ்சாக எங்கள் வீட்டில் பெருத்துக்கொண்டிருந்தான். நடுவில் யாரோ ஒரு இரும்புக் கடைக்காரர் ஒரு தகட்டைக் கொண்டுவந்து கொடுக்க, அதைத் தேடிப் போய்க் கொடுத்தாள். பிறகு இன்னொன்று. அறுபத்து மூன்று வீட்டுப் படி ஏறினாள் என்று ஊர் அவளைக் கொண்டாடுகிறது. ஒரு வீட்டில் சொல்ல முடியாததைத்தான் அறுபத்து மூன்று வீடுகளில் சொல்லிப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்களுக்குப் பழக்கமான மண் அள்ளும் மெஷின் டிரைவர் வந்தார். நான் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தேன்.

"இந்தத் தடவை ஒண்ணுதான்க்கா" என்று பொட்டலத்தை நீட்டினார். "வாய்க்கால் வெட்டும்போது எலும்பும் ஒரு ஜோடி பூட்ஸும் வந்துச்சு. வேலையை நிறுத்திட்டு ஆபீசுக்குச் சொன்னோம். வந்து பெட்டியில எடுத்துட்டுப் போனாங்க. அடையாளம் தெரியாதவர்னு எழுதிக்கிட்டாங்க. மறுநாள் மெஷின் பக்கெட்டைக் கழுவறேன், அதோட பல்லு இடுக்குல இது சிக்கியிருக்கு. இன்னொண்ணு கிடைக்கவே இல்ல."

அண்ணி காகிதத்தை விரித்துத் தகட்டை வைத்தாள். பிரஷால் மண்ணை உதிர்த்தாள். பெயர் இருந்த பக்கம் அரித்துப்போயிருந்தது. சாக்கட்டியை உரசி ஊதிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நான் நோட்டை எடுத்தேன்.

"ஏழு... நாலு... நாலு... ஒண்ணு..."

நிறுத்திவிட்டாள். "அப்புறம்?" என்று கேட்டேன். நோட்டில் எழுதியதைப் பார்த்தேன். மீதி இரண்டு எண்களை என் கை தானாகவே எழுதியது. ஒன்பது, ஆறு. அண்ணன் சண்டைக்குப் போயிருந்தபோது ஒவ்வொரு கடிதத்திலும் அவன் பெயருக்குக் கீழே நான் எழுதிய எண் அது.

"தெரிஞ்சவராக்கா?" என்றார் டிரைவர்.

"எங்க வீட்டுக்காரரு" என்றாள் அண்ணி.

டிரைவர் பதறி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "ஐயோ, நான் பாட்டுக்கு பக்கெட்டு, பல்லுன்னு பேசிக்கிட்டு..." என்றார்.

"இல்லைங்க, அவரு பதினோரு வருஷம் முன்னாடி வீட்டுலதான் செத்தாரு" என்று நான் சமாதானம் சொன்னேன். மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

அண்ணி அந்தத் தகட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இது அண்ணன் தன் கழுத்திலிருந்து கழற்றி ஒல்லியின் கழுத்தில் போட்ட தகடு. ஒல்லியோடு இருபது வருடம் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. சாவுக்கு அத்தாட்சியா என்று இனி என்னிடம் கேட்க முடியாது.

"உங்கண்ணன் தூக்கத்துல கழுத்தைத் தடவிப் பார்ப்பாரு, தெரியுமா?" என்றாள். "வேர்க்குதாக்கும்னு நான் விசிறுவேன். இதைத்தான் தேடியிருக்காரு. ஒன்பது வருஷம் பக்கத்துல இருந்தாரு, ஒரு நாளும் கைக்கு எட்டல. இன்னைக்குத்தான் அவரைக் கொஞ்சம் தொட்ட மாதிரி இருக்கு."

எனக்கும் அண்ணன் வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தகடுகளும் மண் பொட்டலமும் கைப்பையில் இருந்தன. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, தோளில் மாட்டியிருந்த ரிப்பேர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

அந்த வீடு குறுகலான தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. ஜன்னலோரம் மெஷின், தரையில் கட்டுக்கட்டாக நீல யூனிஃபார்ம் துணி, சுவரோரம் ஒரு மர அலமாரி. தையல்காரி கதவைத் திறந்ததும் சிரித்தாள். கண்ணோரம் சுருக்கம் விழுகிற, வாய்விட்டுச் சிரிக்கிற முகம். "வாங்கக்கா! போன மாசம்தானே வந்தீங்க? மெஷின் நல்லாத்தான் ஓடுது" என்றாள். என்னைப் பார்த்து, "இவங்கதான் டிக்கெட்டா?" என்றாள். அண்ணி என்னைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளோ.

அதற்குள் அவள் பார்வை அண்ணியின் தோளுக்குப் போனது.

"பை எங்கக்கா?"

அண்ணி கைப்பையைத் திறந்தாள். தையல்காரி கதவைப் பிடித்தபடியே நின்றாள். சிரிப்பு போய்விட்டது. பிறகு விலகி வழி விட்டாள்.

அண்ணி மெஷின் பலகையின் மேல் இரண்டு தகடுகளையும் மண் பொட்டலத்தையும் வைத்து, அறுபத்து மூன்று வீடுகளில் சொல்லிப் பழகிய எதையும் சொல்லாமல், தட்டுத் தடுமாறிச் சொன்னாள். தகட்டை மாற்றிக்கொண்டதைச் சொன்னாள். ஷேவிங் பெட்டியைச் சொன்னாள். வாய்க்காலைச் சொன்னாள். தையல்காரி தன் கணவன் பெயர் இருந்த தகட்டை எடுத்து, விரலால் தடவினாள். அது பளபளவென்று இருந்தது. மண் படாத தகடு அது.

"இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு?"

"முதல் முதலா உன் வீட்டுக்கு வந்தப்பவே பையில இருந்துச்சு."

தையல்காரி எழுந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே மடித்த சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஒரு பக்கம் எட்டு. இன்னொரு பக்கம் பதினொன்று.

"இந்த எட்டும் பழைய அளவு" என்றாள். "நீங்க வந்தீங்களே, அன்னைக்கு மெஷின்ல இருந்ததுதான் முதல் தடவையா கூட்டினது. அதுல இருந்து இந்தப் பதினொண்ணு. போன வருஷம் முப்பத்து மூணரை வச்சேன். உக்காந்து யோசிச்சு யோசிச்சு வைப்பேன், தெரியுமா? இந்த வயசுல தொப்பை வருமா, அங்க சாப்பாடு எப்படியோன்னு. இத்தனையும் தைக்க விட்டுட்டு, என் எதிர்லயே உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க!"

குரல் அந்தச் சின்ன அறையில் தட்டித் திரும்பியது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே அடி விழுந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சட்டைகளை விட்டு நிமிர்ந்து, "ஆள் இப்போ எங்க?" என்றாள் தையல்காரி.

"ஆபீஸ்ல. ஒரு பெட்டியில. பேர் இல்லாம வச்சிருக்காங்க" என்றாள் அண்ணி. "இந்தத் தகட்டை மட்டும் காட்டினா என் வீட்டுக்காரர்னு எழுதி என்கிட்ட குடுத்துடுவாங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். இது என் வீட்டுக்காரர் இல்லைன்னு நான் சொல்லணும். உன் வீட்டுக்காரர்னு நீ சொல்லணும்."

தையல்காரி பலகைப் பக்கம் திரும்பினாள். நூல் சுற்றிய பொட்டலத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள்.

"கூட வந்த மண்ணு."

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவிழ்க்கவில்லை. "அங்க அவரை எப்படிக் கூப்பிடுவாங்களாம்? உங்க வீட்டுக்காரரு எதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். நான்தான் சொன்னேன். "ஒல்லின்னு. எங்க வீட்டுல நாங்க எதுக்காவது சிரிச்சா, ஒல்லி இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்னு எங்கண்ணன் சொல்லும்."

"ஆமா, சிரிப்பாரு" என்றாள். அப்படிச் சொல்லும்போதே அவள் முகம் உடைந்தது. "விழுந்து விழுந்துதான் சிரிப்பாரு. கட்டில்ல இருந்து ஒரு தடவை நிஜமாவே விழுந்தாரு." அழுதாள், நடுநடுவே சிரித்தாள். "ஒல்லியா? அப்போ அங்கேயும் உடம்பு ஏறல."

அழுது முடிந்ததும் மெஷின் டிராயரைத் திறந்து இரண்டு பிளேடு எடுத்தாள். ஒன்றை அண்ணியிடமும் ஒன்றை என்னிடமும் நீட்டினாள். பதினோரு சட்டைகளையும் எங்கள் பக்கம் தள்ளினாள்.

"பிரிங்க. ரெண்டு பக்கத் தையலையும்."

"உள்ள தள்ளி இன்னொரு தையல் போட்டாப் போதாதா?" என்றேன். தையல் தெரியாதவளின் வாய்க்கொழுப்பு.

"பழைய தையல் உள்ளுக்குள்ள அப்படியே இருக்குமே" என்றாள்.

பிரித்தோம். ஜன்னல் வெயில் மெஷினிலிருந்து இறங்கித் தரைக்கு வரும்வரை பிரித்தோம். அண்ணி ஒவ்வொரு தையலாக, துணியில் கீறல் விழாமல், அறுந்த நூலை ஒரு காகிதத்தில் சேர்த்தபடி பிரித்தாள். தகட்டிலிருந்து மண்ணை உதிர்க்கிறபோதும் அவள் கை அப்படித்தான் இருக்கும். பிரித்துக் கொடுத்ததைத் தையல்காரி வாங்கி, நாடாவால் அளந்து, மறுபடி தைத்தாள். நடுவில் ஒரு முறை மெஷினில் நூல் அறுந்தது. அண்ணி அனிச்சையாக எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க" என்றாள் தையல்காரி. "எனக்குத் தெரியும். பதினோரு வருஷமா பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். எந்தக் கம்பெனிக்காரி ஓடுற மெஷினுக்கு எண்ணெய் போட நாலு மணி நேரம் பஸ்ஸுல வருவா?" நூலைக் கோத்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே சொன்னாள். "நீங்க சொல்லல. நானும் கேக்கல."

பதினோராவது சட்டையை மடித்து வைத்தபிறகு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு புதுத் துணியை எடுத்தாள். அடுத்த மாதம் வருகிற பிறந்த நாளுக்கு வாங்கி வைத்தது. இன்னும் வெட்டவில்லை. தரையில் விரித்து, கையால் நீவிவிட்டாள். "இதைக் கொண்டுபோய்ப் பெட்டியில அவர்கூட வைக்கணும். நான் அளவு சொல்றேன், நீங்க கோடு போடுங்கக்கா. இதுக்கு எனக்குக் கை வரல" என்றாள்.

அண்ணி சாக்கட்டியை எடுத்துக்கொண்டு துணியின் பக்கத்தில் மண்டியிட்டாள். தையல்காரி நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். நீளம், தோள், மார்பு. ஒவ்வொன்றுக்கும் அண்ணி கோடு போட்டாள்.

"இடுப்பு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். அண்ணி சாக்கட்டியைத் துணியின் மேல் பிடித்தபடி காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.

"இருபத்தெட்டு" என்றாள் தையல்காரி.